இருபத்திரண்டு ஜோடி

ஜனவரி 1

நான் சொல்கிறேன், என் தங்கை சுலோச்சனா எழுதுகிறாள். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. கையெழுத்து கேட்டால் கட்டைவிரல்தான். அவள் முப்பது வருடம் டெலிபோன் ஆபீஸில் இருந்தவள். நான் ஒரு மாதிரி சொன்னால் அவள் அதைச் சலவை போட்டு எழுதுகிறாள். படிக்கிறவர்கள் மதிக்க வேண்டுமாம். எழுதட்டும்.

நோட்டுக்குக் காரணம் உண்டு. போன வருடம் கிளப்பில் பன்னிரண்டு பந்து காணாமல் போனது. எடுத்தவன் யார், எந்தக் கிழமை, வண்டி என்ன நிறம், பின் கதவில் எந்தப் பக்கம் நசுங்கியிருந்தது, எல்லாம் சொன்னேன். டைரக்டர் நிரஞ்சன் ஒரே கேள்விதான் கேட்டான். "எழுத்துல இருக்கா எத்திராஜ்?" இல்லை. பழி என் தலையில் விழுந்தது. முதலாளியின் மருமகன் என்பதைத் தவிர அவனுக்கும் கால்பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. கிளப்பின் சாமான் அறையில் முப்பத்தொரு வருடம். ஜெர்சி, சாக்ஸ், பூட்ஸ், பந்து எல்லாம் என் பொறுப்பு. சுவரில் இருபத்தைந்து ஆணி, ஆணிக்கு ஒருவன் பூட்ஸ். ஏழாவது ஆணி டெல்வினுடையது.

இன்று முதல் முப்பத்தொன்றாம் தேதி வரை ஆட்டக்காரர்களை வாங்கலாம், விற்கலாம். அதற்கு 'டிரான்ஸ்பர் விண்டோ' என்று பெயர். சந்தை என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது.

ஜனவரி 3

டெல்வினை வடக்கே ஒரு பெரிய கிளப் கேட்கிறதாம். பேச்சு கோடியில் நடக்கிறதாம். மொத்தம் மூன்று கிளப்புகள் போட்டி போடுவதாக 'நெருங்கிய வட்டாரம்' தெரிவித்ததாம். சுலோச்சனா பேப்பரை வாசித்தாள்.

அந்த வட்டாரத்தை எனக்குத் தெரியும். நேற்று நான் சாக்ஸ் உலர்த்திக்கொண்டிருந்தபோது கொடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் உருவில் நின்று போனில் பேசியது. "என் பேர் வேணாம். சோர்ஸ்னு போடு. மூணு கிளப்னு போடு." அந்தப் பக்கத்துக்காரன் மற்ற இரண்டும் எது என்று கேட்டிருப்பான் போல. "அதை ரசிகர்களே கெஸ் பண்ணிக்கட்டும்யா." படிக்கத் தெரியாதவனுக்குக் காதும் கேட்காது என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

டெல்வின் விமான நிலையத்தில் நிற்கிற படமும் வந்திருக்கிறது. 'பறக்கத் தயார்' என்று கீழே போட்டிருக்கிறார்களாம். அவன் போனது ஊரிலிருந்து வந்த அம்மாவை அழைத்துவர. படத்தின் ஓரத்தில் அந்தம்மாவின் கையும் கருவாட்டுப் பையும் மட்டும் தெரிகிறது. மீதியை வெட்டிவிட்டார்கள். அந்தக் கருவாட்டில் பாதி இப்போது எங்கள் வீட்டுக் குழம்பில்.

ஜனவரி 6

இன்றைய கூத்தைக் கட்டாயம் எழுது என்றேன்.

வளைகுடாவிலிருந்து ஒரு கிளப்பின் பிரதிநிதி டெல்வினைப் பார்க்க வந்திருப்பதாகக் காலையிலேயே மைதானம் அமளிப்பட்டது. கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் தோல் பை. டைரக்டர் கதவைத் திறந்துவிட்டான். நாலு கேமராக்காரர்கள். அந்த ஆள் நடுநாயகமாக உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அந்தக் காது பழக்கமாக இருந்தது. இடது காது மடலில் சின்னதாக ஒரு வெட்டு. பதிமூன்று வருடத்துக்கு முன் கிளப் ஆண்டு விழாவுக்குப் பிரியாணி கொண்டுவந்தவன். மூன்று அண்டாவில் மூன்றாவது குழைந்து கஞ்சியாகியிருந்தது. கேட்டதற்கு "அரிசி அப்படி" என்றவன் இவன்தான்.

தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "மூணாவது அண்டா ஞாபகம் இருக்காபா?"

குடித்த தண்ணீர் அவன் மூக்கில் ஏறியது. "பெரியவரே, காட்டிக் குடுத்துடாதீங்க. உங்க டைரக்டர் குடுக்கற ஒரு நாள் கூலி. கோட்டு கூட வாடகைதான்."

சாயங்காலமே வடக்கத்திக் கிளப் விலையை ஏற்றிவிட்டதாம். பிரியாணி மாஸ்டருக்குப் பயந்து விலையை ஏற்றுகிறவர்கள்தான் இந்த நாட்டில் கால்பந்தை வளர்க்கிறார்கள்.

ஜனவரி 8

மழைத் தூறல். ஜெர்சி காயவில்லை. புது சோப்பு நுரைக்கிறது, அழுக்கு போகவில்லை.

ஜனவரி 9

இது என் தொழிலைப் பற்றியது. சுலோச்சனாவுக்குப் புரிவதற்காக ஒரு பூட்ஸையே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

பூட்ஸின் அடியில் இருக்கிற குமிழ்களுக்கு ஸ்டட் என்று பெயர். பயிற்சி முடிந்ததும் மொட்டைக் கத்தியால் மண்ணைச் சுரண்டி, பிரஷ் போட்டு, ஆணியில் மாட்டுவேன். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு மாதிரி தேயும். சோம்பேறிக்குக் குதிகால் தேயும். பயந்தவனுக்கு வெளி ஓரம். ஓடுகிறவனுக்கு முன்பக்கம். டெல்வினின் வலது பூட்ஸில் முன் ஸ்டட் ஆறு வாரமாகத் தேயவே இல்லை. அவன் வலது காலை ஊன்றி உந்தவில்லை.

அவன் கால் சின்னது, ஆறாம் நம்பர். மற்றவன் பூட்ஸ் எதுவும் சேராது. புதுசு கடிக்கும் என்று ஒரே ஜோடியைத்தான் போடுவான். அதனால் என் கணக்கு தப்பாது.

இன்று அவனிடமே கேட்டேன். "இன்னா கண்ணு, வலது முட்டியா?"

டெல்வின் குமரிக் கடற்கரைப் பிள்ளை, இருபத்தெட்டு வயது. கதவைச் சாத்திவிட்டு வந்தான். "பாட்டா, யாருட்டயும் சொல்லிராதீங்க, கேட்டியளா. ஜவ்வு கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. குணாளன் அண்ணனுக்குத் தெரியும், டைரக்டருக்குத் தெரியும். இப்ப நீங்க."

"ஆட்டம் ஆடாம ஒக்காத்தி வெச்சிருக்கறது அதுக்குத்தானா?"

"ஆமா. வெலை பேசுதாங்க, அதான் ஓய்வுன்னு பேப்பர்காரனுவளே எழுதிட்டானுவ. நல்லதாப் போச்சு. மூணு வாரம் ஊனாம இருந்தா வீக்கம் வத்திரும், வாங்குதவன் எடுக்கற டெஸ்ட்ல தப்பிச்சிரலாம்னு டைரக்டர் சொல்லுதாரு. மூணு வருச காண்ட்ராக்ட் பாட்டா. அது முடியும்போது எனக்கு முப்பத்தொண்ணு. இதுக்கப்புறம் எனக்க வாழ்க்கையில வேற வராது."

என் வாயிலிருந்து வராது என்றேன். வராது.

குணாளன் எங்கள் கிளப்பின் பிசியோ, ஆட்டக்காரர்களின் தசை, மூட்டு வலியைப் பார்க்கிறவன். பெரம்பூர்க்காரன். எப்போது பார்த்தாலும் போனைக் காதில் வைத்திருப்பான். அவனை நம்பி ஒரு ரகசியத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 12

மைதானத்து வாசல் டீக்கடைக்கு ஒரு வாரமாக ஒருவன் வருகிறான். நீலச் சட்டை. தீபன் என்று பெயர் சொன்னான், செல்போன் கடை வைத்திருக்கிறானாம். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்து அலட்டிக்கொள்கிற ஜாதி.

இன்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "பெரியவரே, நீங்க பூட்ஸ் தொடைக்கிற ஆளு. பேப்பர் கூட படிக்கத் தெரியாது. உள்ள இன்னா நடக்குதுன்னு உங்களுக்கு இன்னா தெரியும்?"

நாலு பேர் எதிரில் கேட்டான். சும்மா விடுவேனா. "தம்பி, நீ பேப்பர் படிக்கிற. நான் பூட்ஸ் படிக்கிறேன். பேப்பர் பொய் சொல்லும், பூட்ஸ் பொய் சொல்லாது" என்றேன். முப்பத்தொரு வருடத்தில் நான் பூட்ஸை வைத்தே கண்டுபிடித்த குடிகாரர்கள், இடுப்பு பிடித்தவர்கள், பயந்தாங்கொள்ளிகள் என்று வருடம் வாரியாக எடுத்துவிட்டேன். "இப்பவே பாரு. ஒருத்தனுக்கு ஆறு வாரமா வலது முன் ஸ்டட் கடையில வாங்குன மாதிரியே கீது. உன் பேப்பர் அவனைக் கோடிக்கு ஏலம் போடுது!"

அவன் பேப்பரை மடித்து வைத்தான். என் டீக்கு அவனே காசு கொடுத்தான், இரண்டு மசால்வடை வேறு. பெயர் சொன்னேனா என்றால், இல்லை. நான் ஒன்றும் வாயாடி கிடையாது. ஆனாலும் படித்தவன் ஒருவன் திணறுவதைப் பார்த்ததில் வயிறு நிறைந்துவிட்டது.

ஜனவரி 15

பொங்கல். பயிற்சி இல்லை. அறையை வெள்ளையடித்தேன். ஆணிகளுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜனவரி 17

வெளியே தெரிந்துவிட்டது. செல்போனில் ஒரு வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது. டெல்வினின் வலது முட்டி போய்விட்டதாம், ஆறு வாரமாக முன் ஸ்டட் தேயவில்லையாம், கிளப் மூடி மறைக்கிறதாம். வீடியோவின் தலைப்பு 'பூட்ஸ் பொய் சொல்லாது.' சுலோச்சனா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பேசுகிறவன் கோட்டு போட்டிருந்தான். என் கண்ணாடியைத் துடைக்கவில்லை. முகம் சரியாகத் தெரியவில்லை.

வடக்கத்திக் கிளப் பின்வாங்கிவிட்டது. இரண்டு லட்சம் பேர் வீடியோவைப் பார்த்திருக்கிறார்களாம். டைரக்டர் அறையில் ஒரு நாற்காலி உடைந்தது.

குணாளன்தான் சொல்லியிருப்பான். வேறு யார்? போன் அவன் காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 18

இன்று எழுத ஒன்றுமில்லை என்றேன். அவள் தேதியை மட்டும் போட்டாள்.

ஜனவரி 20

விசாரணை. டைரக்டர், கோச், வக்கீல் போல ஒருவன். குணாளனை நடுவில் நிற்க வைத்திருந்தார்கள். "என் புள்ள மேல சத்தியம் சார், நான் யாராண்டயும் பேசல" என்றான்.

டைரக்டர் என் பக்கம் திரும்பினான். "எத்திராஜ், நீங்க அந்த ரூம்லயே இருக்கீங்க. குணாளன் போன்ல முட்டியைப் பத்திப் பேசினதைக் கேட்டீங்களா?"

"காதுல விழல சார்."

"விழலையா, பேசலையா?"

"விழல" என்றேன்.

வக்கீல் எழுதிக்கொண்டான். குணாளனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகிறபோது என் அறை வாசலில் நின்றான். "நைனா, நீயாவது பேசலன்னு சொல்லியிருக்கலாம்." நான் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பம்பு சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஜனவரி 22

டைரக்டரின் அடுத்த திட்டம். இருபத்தாறாம் தேதி கோவையில் ஆட்டம். வடக்கத்திக் கிளப்பிலிருந்து மூன்று பேர் வந்து பார்க்கப் போகிறார்களாம். முட்டியில் ஊசி போட்டு டெல்வினைத் தொண்ணூறு நிமிடமும் ஆட விடுவார்களாம். அவன் ஓடுவதைப் பார்த்தால் வீடியோ பொய்யாகிவிடும், விலை பழையபடி ஏறிவிடும். டெஸ்டுக்கு யாரையோ பார்த்து ஏற்பாடு செய்துகொள்வானாம். கறவை வற்றிய மாட்டுக்கு வெல்லத்தண்ணி காட்டி விற்கிற தரகன் கூட அதன் காலை உடைக்க மாட்டான்.

டெல்வினைக் கேட்டேன். "ஊசி போட்டா வலி தெரியாது. உள்ள இருக்கறது முழுசா அறுந்தா?"

"அறுந்தா அறுகட்டும் பாட்டா. கையெழுத்துப் போட்ட பொறவு அறுகட்டும்." சிரித்தான். வலது காலை நாற்காலியில் நீட்டி வைத்திருந்தான். முட்டி பலாக்கொட்டை வைத்துக் கட்டியது போல் இருந்தது. "வெளிய சொன்னவன் மட்டும் எனக்க கையில கிடைச்சா..."

பிரஷ் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 23

சுலோச்சனா பேனாவைத் திறக்கவில்லை. நோட்டைப் பின்னால் புரட்டினாள். பின்னால் போகாதே, முன்னால் எழுது என்றேன். அவள் பன்னிரண்டாம் தேதியைச் சத்தமாக வாசித்தாள். டீ, மசால்வடை வரைக்கும்.

"நான் பேரு சொல்லல."

"கோடிக்கு ஏலம் போறவங்க உங்க கிளப்புல எத்தனை பேரு அண்ணா?"

நோட்டை மூடப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"நீ சொன்னதைத்தான் நான் எழுதினேன். அந்த வீடியோவுல இருந்த முகம் உனக்குத் தெரியலயா? பதிமூணு வருசத்துக்கு முன்னாடி பார்த்த காது தெரியுது!"

தெரிந்தது. பார்த்த உடனேயே தெரிந்தது. டீக்கடைத் தீபன். நீலச் சட்டைக்கு மேலே கோட்டு, அவ்வளவுதான்.

டெல்வினின் மூன்று வருடத்தையும் குணாளனின் வேலையையும் ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் கொடுத்திருக்கிறேன். பிரியாணிக்காரனாவது ஒரு நாள் கூலி வாங்கினான். இந்த மாதம் நான் பார்த்த மட்டமான ஆட்களின் வரிசையில் எனக்கு மேலே ஒருவனும் இல்லை. இதைத் திருத்தாமல் எழுது என்றேன்.

ஜனவரி 25

பெட்டி கட்டினேன். கோவைக்கு இருபத்து மூன்று ஆட்டக்காரர்கள். ஜெர்சி நாற்பத்தாறு. சாக்ஸ் நாற்பத்தாறு ஜோடி. பந்து பதினைந்து. பூட்ஸ் இருபத்திரண்டு ஜோடி.

சுலோச்சனா நிமிர்ந்தாள். "இருபத்து மூணா?"

"சொன்னதை எழுது."

எழுதினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

ஜனவரி 27

கோவையிலிருந்து திரும்பினேன். நடந்தது இது.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பெட்டியைத் திறந்து பூட்ஸ்களை வரிசையாக வைத்தேன். டெல்வின் இடத்துக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

"எங்க பாட்டா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. அப்புறம் ஒருவன் சிரித்தான். "கெழத்துக்கு மூளை கழண்டுடுச்சி." இன்னொருவன், "வீட்டு அட்ரஸ் ஞாபகம் இருக்கா தாத்தா?" ஒவ்வொரு சிரிப்பும் யாருடையது என்று எனக்கு இப்போதும் தெரியும். எழுத வேண்டாம்.

டைரக்டர் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தான், விட்டான், கடைக்கு ஆள் அனுப்பினான். குடியரசு நாள், பாதிக் கடைகள் மூடியிருந்தன. வந்தது ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற ஜோடி. டெல்வின் போட்டு நாலு அடி நடந்தான், குதிகால் உரிந்தது. கோச் வேண்டாம் என்றார். அவருக்கும் உள்ளூர அது நிம்மதியாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. வடக்கிலிருந்து வந்த மூன்று பேரும் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் டெல்வின் எனக்கு முன் சீட்டில் இருந்தான். சேலம் தாண்டியது. அப்புறம் திரும்பாமலே சொன்னான். "எனக்க பொழப்ப நாசமாக்கிட்டியள் பாட்டா."

வெளியே சொன்னவன் யார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜனவரி 28

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தைச் சுலோச்சனா மடித்திருந்தாள்.

"எழுத்துல இருக்கான்னு கேப்பீங்களே சார். கொண்டாந்திருக்கேன். வெளிய சொன்னது குணாளன் இல்ல. நான். மடிச்ச எடத்துல படிங்க."

அவன் மடித்த இடத்தில் படிக்கவில்லை. முதலிலிருந்து புரட்டினான். நான் பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தேதியில் புருவம் ஏறியது. ஆறாம் தேதியில் முகம் வெளுத்தது. காது மடல், மூன்றாவது அண்டா, வாடகைக் கோட்டு எல்லாம் அதில் இருந்தன.

"இதை யார் எழுதினது?"

"என் தங்கச்சி. சார், பன்னிரண்டாம் தேதி..."

"பன்னிரண்டு கிடக்கட்டும். வேற யார் படிச்சாங்க?"

"இன்னும் யாரும் படிக்கல."

"எத்திராஜ்... உங்களுக்கு என்னதான் வேணும்?"

குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனிடம் விலை கேட்கிறான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். "குணாளனைக் கூப்பிடுங்க" என்றேன். என் எதிரிலேயே போன் போட்டு, தவறு நடந்துவிட்டது, நாளையே வேலைக்கு வா என்று தேனாகப் பேசினான். பிறகு கையை நீட்டினான். "நோட்டு இங்கேயே இருக்கட்டும்." நான் அதை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டேன்.

முப்பத்தொன்றாம் தேதியோடு எனக்கு ஓய்வாம். சால்வை போடுவார்களாம், படம் எடுப்பார்களாம். என் குற்றத்தை மட்டும் அவன் கடைசிவரை படிக்கவில்லை.

ஜனவரி 30

டைரக்டர் படிக்காமல் விட்டதால் என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. பெரம்பூருக்குப் போனேன். குணாளன் கதவைத் திறந்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். தீபன், டீ, வடை, எல்லாம் சொன்னேன். விசாரணையில் 'விழல' என்று சொன்னதையும் சொன்னேன்.

"அன்னிக்கு நான் பேசலன்னு உனக்குத் தெரியும் இல்ல நைனா?"

"தெரியும்."

கதவை முழுதாகத் திறந்தான். "என் பொண்டாட்டி பத்து நாளா நான் சொன்னதை நம்பல. இப்ப வா, உள்ள வந்து அவளாண்ட சொல்லு."

உள்ளே போய், முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அந்தப் பெண் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. சரிதான்.

அங்கிருந்தே டெல்வினுக்குப் போன் போடச் சொல்லி, அவனிடமும் சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான்.

ஜனவரி 31

சந்தை மூடிவிட்டது. டெல்வினை யாரும் வாங்கவில்லை. வேறு யாரையோ வேறு யாரோ நாலு கோடிக்கு வாங்கினார்களாம். அவனுக்கு முன் ஸ்டட் எப்படித் தேய்கிறது என்று ஒருவனும் பார்த்திருக்க மாட்டான்.

சால்வை வாங்கிக்கொண்டேன். பாலியெஸ்டர். படம் எடுக்கும்போது டைரக்டர் என் தோளில் கை போட்டான். வீட்டுக்கு வந்து குளித்தேன்.

மத்தியானம் சாமான் அறையைப் பூட்டப் போனபோது டெல்வின் உள்ளே இருந்தான். அடுத்த வாரம் முட்டிக்கு ஆபரேஷன், ஆறு மாதம் ஆட முடியாது. ஏழாவது ஆணியிலிருந்து பூட்ஸை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை மன்னித்துவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"பாட்டா, இந்த கிளப்புக்கு நான் போட்ட மொத கோல் எந்தக் காலு?"

"இடது. மழை. முப்பத்து நாலாவது நிமிசம். கோல்கீப்பர் வழுக்கி விழுந்தான். உனக்கு வலது சாக்ஸ் இறங்கிக் கெடந்துச்சி."

"அண்ணைக்குக் கோவைக்குப் போறப்ப இந்த பூட்ஸ் எங்க இருந்திச்சி?"

"இதே ஆணிலதான்."

"எடுக்க மறந்தியளா?"

"வயசாச்சில்ல கண்ணு. மறந்துட்டேன்."

அவன் முன் ஸ்டடைக் கட்டைவிரலால் தடவினான். பூட்ஸைத் திரும்ப ஆணியில் மாட்டினான், நான் மாட்டுகிற மாதிரியே, விரல்பக்கம் சுவரைப் பார்க்க. இடது காலில் பாரத்தைப் போட்டு நொண்டிக்கொண்டே போனான். நான் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

இதைச் சொல்லி முடித்ததும் சுலோச்சனா நோட்டை இருபத்தைந்தாம் தேதிக்குப் புரட்டினாள். "அண்ணா, மறந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. இங்க இருபத்திரண்டுன்னு நிக்குது. மறந்தவன் எண்ணியிருக்க மாட்டான். இருபத்து மூணுன்னு திருத்திடவா?"

"வேணாம்" என்றேன். "எழுத்துல இருக்கட்டும்."